ஒரே நாளில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76, சர்க்கரை நோய் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், பாதி மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று நான்காவது நாள். ஆன்டிபயாடிக் ஊசியை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்கோ ஏழு நாள் போடுகிறார்கள். நேற்று அம்மாவின் சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘ஈ.கோலை’ கிருமி வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, அதனால் மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர். வயதானவரை இப்படி விடலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

அறுவை சிகிச்சையின்போது போடும் ஆன்டிபயாடிக், கத்தி வைக்கும் நேரத்தில் தசையிலும் எலும்பிலும் போதிய அளவு இருக்க வேண்டும். அதனால்தான் செஃபசோலின் போன்ற ஊசியைத் தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடுகிறோம். அறுவை நாலு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ். காயத்தைத் தைத்து மூடியபின் அதற்கு அதிக வேலை இல்லை. அறுவை முடிந்தபின் தொடரவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொல்லிவிட்டது. மூட்டு மாற்றுக்கு 24 மணி நேரம் வரை தருவதும் வழக்கம். ஏழு நாள் போட்டால் புண் சீழ் பிடிப்பது குறைவதில்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது.

அப்படியானால் பக்கத்து அறையில் ஏன் ஏழு நாள்? அவருக்கு ஏற்கெனவே கிருமித்தொற்று இருந்திருக்கலாம். இல்லையென்றால் பழக்கம், பயம். ஊசி எழுதாத டாக்டரை உறவினர்கள் சந்தேகமாகப் பார்ப்பதும் ஒரு காரணம், சொன்னால் கோபிக்காதீர்கள்.

தேவையில்லாத ஆன்டிபயாடிக் முதியவர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. தசை மெலிந்த உடம்பில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அமிக்காசின் மாதிரியான ஆன்டிபயாடிக் ஊசிகளில் அது ஆபத்து. அப்புறம், குடலில் இருக்கும் சாதுவான கிருமிகள் செத்து, ஆஸ்பத்திரியில் உலவும் க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமி வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கும். நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் இவற்றில் பல, மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்குவதில்லை. அதன்பின் கையில் மிஞ்சும் சில மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

இனி அந்த கல்ச்சர். அம்மாவுக்கு சிறுநீர் டியூப் இன்னும் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுதான். டியூப் போட்டால் ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவில் வலி, டியூப் எடுத்தபின் எரிச்சல் என எதுவும் இல்லாதவருக்கு மருந்து தந்தால் லாபமில்லை. டியூபுக்கு இனி அவசியம் இல்லையென்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள், அதுவே பெரிய சிகிச்சை. கையில் சும்மா செருகியிருக்கும் ஊசிக் குழாய்க்கும் இதே விதி.

ராத்திரியில் அம்மா சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று முடிவு கட்டாதீர்கள். நீர்ச்சத்துக் குறைவு, வலி மருந்து, சோடியம் குறைவு, மலச்சிக்கல் எல்லாம் அப்படிச் செய்யும். கூடவே காய்ச்சலோ ரத்த அழுத்தச் சரிவோ இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

ஊசியைவிட முக்கியமான வேலை உங்கள் கையில் இருக்கிறது. நிமிர்த்தி உட்காரவைத்துச் சாப்பாடு கொடுங்கள். இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்யுங்கள், பல்செட் இருந்தால் அதையும். மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே எழுப்பும் கருவியில் பயிற்சி, வாக்கர் பிடித்து நடை. இவை நிமோனியாவைத் தள்ளிவைக்கும். சர்க்கரை 200-ஐத் தாண்டாமல் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்கார வேண்டாம், காயத்தின் கட்டைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். ஆரஞ்சுப் பை கொண்டுவரும் சொந்தக்காரரிடம் கை கழுவச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நர்ஸைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு நாள் ஊசிகூட அபூர்வமாகக் குடலைக் கெடுக்கலாம். ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் பேதியானால் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சில வாரம் கழித்து வந்தாலும் சொல்ல வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். ‘சி.டிஃபிசில்’ என்ற கிருமியாக இருந்தால் அது கெடுதல். அதன் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

உள்ளே செயற்கை மூட்டு இருப்பதால் காயத்தை மூன்று மாதம் வரை கவனியுங்கள். இந்த வயதில் காய்ச்சல் வராமலே தொற்று முற்றலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, எந்நேரமும் தூங்கிவழிவது, மூச்சு வேகமாவது எல்லாம் காய்ச்சலுக்குச் சமம். காயம் கசிந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடாமல் நேரே அறுவை செய்தவரிடம் காட்டுங்கள். கிருமி என்ன என்று கண்டுபிடிக்கும் முன்பே மாத்திரை போட்டால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம், மூட்டுக்குள் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும்.