மூன்றே மூன்று அணுக்கள்

கேள்வி: 113-வது தனிமத்தின் அணு கண் இமைப்பதற்குள் காணாமல் போய்விடுமாம். அதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்ததும் மூன்றுதானாம். அது 113தான் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்?

பதில்: யாரும் பார்க்கவில்லை. வாரிசுகளை வைத்து மூதாதை யார் என்று கண்டுபிடித்த கதை இது.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கொசுகே மொரிட்டா குழுவினர், துத்தநாக அணுக்கருக்களை ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு முடுக்கி, மெல்லிய பிஸ்மத் படலத்தின் மீது மோதவிட்டார்கள். கருவில் எத்தனை புரோட்டானோ, அதுதான் தனிமத்தின் எண். துத்தநாகத்தின் 30 புரோட்டானும் பிஸ்மத்தின் 83 புரோட்டானும் சேர்ந்தால் 113. கணக்கு சுலபம்தான், ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளவே மாட்டேன் என்கின்றன. 2003 முதல் 2012 வரை, மோதவிட்ட நாட்களை மட்டும் கூட்டினாலே 553!

படலத்தைத் தாண்டி வருவதில் பெரும்பகுதி மோதாத துத்தநாகம். ஹீலியம் வாயு நிரம்பிய காந்தப் பாதையில் அதெல்லாம் வேறு பக்கம் வளைந்து ஒதுங்கிவிட, கனமான கரு மட்டும் கடைசியில் இருக்கும் சிலிக்கான் தகட்டில் போய்ப் புதைகிறது. ஒரு மின்துடிப்பு பதிவாகிறது. சில மில்லி வினாடிகளில் அதே இடத்திலிருந்து ஓர் ஆல்ஃபா துகள் கிளம்புகிறது. இரண்டு புரோட்டான் போச்சு, மிச்சம் 111. அடுத்த ஆல்ஃபா, 109. அப்புறம் 107, 105. இந்த ‘அதே இடம்’தான் முக்கியம், இல்லையென்றால் சம்பந்தமில்லாத துடிப்புகளைக் கோத்து யார் வேண்டுமானாலும் ஒரு வம்சாவளி எழுதிவிடலாம்.

சங்கிலியில் வந்த 113, 111, 109 கருக்களின் இந்த வகைகள் அதுவரை யாரும் அறியாதவை. 107-ம் 105-ம் ஏற்கெனவே தெரிந்தவை. அவை விடும் ஆல்ஃபாவின் ஆற்றல், ஆயுள் எல்லாம் பதிவில் உண்டு. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் 113. முதல் இரண்டு அணுக்களின் சங்கிலி 105-லேயே பிளந்து முடிந்ததால் சந்தேகம் தீரவில்லை. 2012 ஆகஸ்டில் வந்த மூன்றாவதுதான் ஆறு ஆல்ஃபாக்களை விட்டு 101, அதாவது மெண்டலீவியம் வரை இறங்கியது. 2015 கடைசியில் அங்கீகாரம், மறு வருடம் நிகோனியம் என்ற பெயர்.

கேள்வி: சங்கிலியில் தெரிந்த கரு ஒன்றுகூட இல்லையென்றால்?

பதில்: ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்துக்கு அந்தத் தலைவலிதான். அவர்கள் உருவாக்கிய 115-வது தனிமத்தின் சங்கிலி முன்பின் தெரியாத கருக்கள் வழியாகவே இறங்கி, 105-வது தனிமமான டப்னியத்தின் ஒரு வகையில், டப்னியம்-268-ல் முடிந்தது. நல்லவேளை, அது பல மணி நேரம் தாங்கும். அதனால் கருவியை விட்டுவிட்டு, பழைய பாணியில் வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். டப்னியத்தின் குடும்பத் தனிமங்கள் சேரும் பகுதியில்தான் அதுவும் போய்ச் சேர்ந்திருந்தது.