யாரை எதிர்த்து இனி நாடகம்?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறேன். போன மாதம் நில அபகரிப்பு பற்றி ஒரு நாடகம் போட்டோம். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். ஒடுக்குமுறையைப் பேசும் நாடகமெல்லாம் கடைசியில் பிரச்சாரமாகத்தான் முடிகிறது என்று தோன்றுகிறது. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆன பிறகு யாரை எதிர்த்து நாடகம்? எந்த அரசாங்கமாவது நாடகத்துக்குப் பயந்திருக்கிறதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பயந்திருக்கிறது. கென்யாவில் 1977ல் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஜூலையில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் ஆங்கில நாவல் ஒன்று வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஆட்சியைப் பிடித்தவர்களைக் கடுமையாகச் சாடும் நாவல். அதை வெளியிட்டு வைத்தவரே அன்றைய நிதியமைச்சர் ம்வாய் கிபாகி! அதே கூகி, அதே கோபத்தை, கூகி வா மிரீயுடன் சேர்ந்து தன் தாய்மொழியான கிகுயுவில் நாடகமாக எழுதினார். அக்டோபர் 2ல் அரங்கேற்றம், நவம்பர் 16ல் நாடகத்தின் உரிமம் ரத்து, வருடக் கடைசியில் கூகி வா தியாங்கோ கைது. விசாரணை இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம் காமிதி என்ற சிறையில் கிடந்தார். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் நாம் படிக்கும் நாவலை அங்கே கழிப்பறைத் தாளில்தான் எழுதினார்.

நாடகத்தில் கிகூண்டா ஒரு கூலித் தொழிலாளி. ஒன்றரை ஏக்கர் நிலம், அதன் பத்திரம் சுவரில் தொங்குகிறது. முதலாளி கியோய் அந்த நிலத்துக்குக் குறி வைக்கிறான். கிகூண்டாவும் மனைவியும் தேவாலயத்தில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை காட்டப்படுகிறது, அதற்காகப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன், அப்புறம் நிலம் போகிறது. கியோய் வெள்ளைக்காரன் இல்லை, அதே மண்ணில் பிறந்தவன், காலனி ஆட்சிக்குத் துணை நின்று செழித்தவன். யாரை எதிர்த்து என்று கேட்டீர்களே, அவனைத்தான்.

ஆனால் கதை மட்டும் என்றால் அரசாங்கம் இவ்வளவு பதறியிருக்காது என்பது என் எண்ணம். அது நடந்தது லிமுரு பக்கத்தில் கமிரித்து என்ற ஊரில், 1950களில் கிளர்ச்சியை அடக்க அங்கே அறிவித்த அவசரநிலையின்போது ஆங்கிலேயர்கள் மக்களை ஒரே இடத்தில் அடைத்து உண்டாக்கிய குடியிருப்பு அது. சுமார் 2,000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கை ஊர்க்காரர்களே கட்டினார்கள். ஒத்திகை எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. 'நாங்கள் அப்படி ஆடமாட்டோம்' என்று கிழவிகள் எழுந்து வந்து ஆடிக்காட்டித் திருத்தினார்கள். பக்கத்தில் இருந்த பாட்டா செருப்பு ஆலையின் தொழிலாளிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரே நாளில் தாங்கள் செய்யும் செருப்புகளின் விலை, அங்கே வேலை செய்யும் 3,000 பேரின் ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம் என்று. கூகியே இதை எழுதி வைத்திருக்கிறார். அரங்கேற்றத்துக்கு முன்பே வசனம் பார்வையாளர்களுக்கு மனப்பாடம். பிரச்சாரம் என்பது, தெரிந்தவனிடமே போய் அவன் கஷ்டத்தை நாம் சொல்லிக்கொடுப்பது. அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள், கற்றுக்கொண்டவர் கூகி.

நாடகத்துக்கு உரிமம் கேட்கும் வழக்கம் நமக்கும் தெரிந்ததுதான். 1876ல் ஆங்கிலேயர்கள் போட்ட சட்டம் இருக்க, 1954ல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டது, எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்து. சுதந்திரம் வந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது.

சரி, கமிரித்துவுக்கு வருகிறேன். 1982ல் அதே குழு அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தது, அதற்கு உரிமமே கிடைக்கவில்லை. மார்ச் மாதம் ஆயுதம் ஏந்திய போலீஸ் மூன்று லாரிகளில் வந்து அந்த அரங்கைத் தரைமட்டமாக்கியது. அப்போது அங்கே எந்த நாடகமும் ஓடவில்லை.

உங்கள் நில அபகரிப்பு நாடகம் எங்கே ஒத்திகை பார்க்கப்பட்டது, எஸ்.? நிலத்தை இழந்தவர் யாராவது அந்த ஒத்திகையில் எழுந்து, இது தப்பு என்று சொன்னாரா? அதை எழுதுங்கள்.