ஆள் போனது சர்வருக்கு எப்படித் தெரியும்? வாசகர் கேள்விகள்

திருப்பூர் வாசகர்: பனியன் ஆர்டர் ரிப்போர்ட் வர 40 விநாடி ஆகிறது. பொறுமை இல்லாமல் பிரௌசரை மூடிவிடுகிறார்கள், டேட்டாபேஸில் குவெரி (தகவல் தேடல்) மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு ஒரு தடவை எல்லா இணைப்பையும் சோதிக்கலாமா?

வேண்டாங்க. 5,000 இணைப்பு என்றால் விநாடிக்கு 5,000 சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 5,000 கேள்வி. அதில் மூடியது நாலைந்துதான் இருக்கும். பிரௌசரை மூடியதும் 'இனி அனுப்ப ஒன்றுமில்லை' என்று சொல்லும் ஃபின் பாக்கெட் வந்துவிடுகிறது, கெர்னலுக்கு அப்போதே தெரியும். அதையே சொல்லச் சொல்லுங்கள். லினக்ஸ் 2.6.17 முதல் ஈபோலில் (epoll, இணைப்புகளில் நடப்பதைக் கெர்னலே சொல்லும் வசதி) ஆர்டிஹப் (EPOLLRDHUP) என்ற ஃபிளாக் இருக்கிறது. இணைப்பு முழுதாக அறுந்ததைச் சொல்லும் ஹப், பிழையைச் சொல்லும் எர்ரர் இரண்டும் கேட்காமலே வரும். ஆர்டிஹப் மட்டும் கேட்டால்தான் வரும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

டேட்டாவைப் படிக்கும் ரிசீவ் காலில் பீக் (எடுக்காமல் எட்டிப் பார்ப்பது) போட்டு, பூஜ்யம் வந்தால் மூடியாச்சு என்று எடுத்துக்கொள்வது பழைய வழி. படிக்காத டேட்டா பஃபரில் கிடந்தால் பீக் அதையேதான் காட்டும், பின்னால் நிற்கும் ஃபின் கண்ணில் படாது. ஆர்டிஹப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எதிர்முனை இனி அனுப்பாது என்பதுதான் ஆர்டிஹப்பின் பொருள். கேள்வியை அனுப்பிவிட்டு, எழுதும் பக்கத்தை மட்டும் மூடிப் பதிலுக்குக் காத்திருக்கும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. அப்படி ஒன்றை நானே வெட்டிவிட்டு ஒரு ராத்திரி முழுக்கக் காரணம் தேடியிருக்கிறேன். பிரௌசர் மட்டுமே வரும் இடத்தில் தைரியமாக வெட்டலாம். அப்புறம், சாக்கெட்டை (இணைப்பின் நம் முனையை) மூடினால் மட்டும் போதாது, டேட்டாபேஸுக்கும் கேன்சல் அனுப்ப வேண்டும்.

ஈரோடு வாசகர்: மஞ்சள் விலையை மொபைலுக்கு நேரலையாக அனுப்புகிறோம். போன இணைப்புகள் மணிக்கணக்கில் உயிரோடு இருப்பதாகவே காட்டுகிறது.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. நடுவில் சிக்னல் போனால் ஃபின் அனுப்ப யார் இருக்கிறார்கள்? ஆர்டிஹப் இங்கே உதவாது. எதிர்முனை இருக்கிறதா என்று கெர்னல் தட்டிப் பார்க்கும் கீப்அலைவ் தானாக ஓடாது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தாலும் லினக்ஸ் 7,200 விநாடி சும்மா இருந்துவிட்டு, அப்புறம் 75 விநாடிக்கு ஒன்றாக 9 தடவை தட்டிப் பார்க்கும். மொத்தம் இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி வரும். நேரத்தைக் குறையுங்கள், அல்லது செயலியே 30 விநாடிக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்பட்டும். நான் பிங்கைத்தான் நம்புவேன்.

கோபி வாசகர்: என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) லாகில் 499 வருகிறதே?

பதில் போகும் முன்பே ஆள் போய்விட்டார் என்று அது எழுதும் சொந்தக் குறி. நிறைய வந்தால், பின்னால் இருக்கும் அப்ளிகேஷன் மெதுவாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பணம் கட்டும் பாதைக்கு மட்டும் ப்ராக்ஸி இக்னோர் கிளையண்ட் அபார்ட் (proxy_ignore_client_abort) என்ற அமைப்பை ஆன் செய்துவிடுங்கள், ஆள் போனாலும் பின்னால் நடக்கும் வேலை பாதியில் அறாது.