மூன்றாவது பட்டை

கேள்வி: ராணுவத்தை வைத்து எடுத்த ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தேன். மெஸ் காட்சியில் ஹீரோவின் சட்டைக் கையில் இரண்டு பட்டை, அடுத்த ஷாட்டில் மூன்று, பாட்டு முடிந்ததும் மறுபடி இரண்டு! 1971 போர் என்று ஃபிளாஷ்பேக் போட்டுவிட்டு கையில் இன்சாஸ் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். கேப்டன் தோளில் சிங்க முத்திரை. போதாததற்கு, உள்ளங்கை முழுசாகத் தெரிய சல்யூட் அடிக்கிறார்கள். "காமெடிப் படம்தானே, லாஜிக் எதுக்கு?" என்கிறார்கள் நண்பர்கள். உங்கள் கருத்து? (சைதாப்பேட்டை வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காமெடிப் படத்துக்குத்தான் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பட்டாளத்தில் எல்லாம் அவ்வளவு கறாராக இருப்பதால்தான் அங்கே ஒருவன் தடுமாறினால் சிரிப்பு வருகிறது. அந்தக் கறாரையே படம் காட்டவில்லை என்றால் எதைப் பார்த்துச் சிரிப்பது?

பட்டை மாறியதையாவது மன்னித்துவிடலாம். ஒரே காட்சியை இரண்டு ஷெட்யூலில் எடுத்திருப்பார்கள், நடுவில் வேறு சட்டை வந்திருக்கும், கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் அன்றைக்கு வேறு வேலையில் ஓடியிருப்பார். மற்றவை அப்படி இல்லை. யாரிடமும் கேட்காமல் எடுத்ததால் வந்தவை. இன்சாஸ் படைக்கு வந்ததே 1990களில்தான். 1971இல் நம் ஜவான்கள் பிடித்தது எஸ்.எல்.ஆர். என்ற பழைய ரைபிள். கேப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம். சிங்க முத்திரை மேஜரிலிருந்துதான் தொடங்குகிறது. வடபழனியில் மெட்ரோ ஏறினால் நான்காவது ஸ்டேஷன் பரங்கிமலை. 1963 முதல் அங்கே அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் ராணுவம் இருக்கும் ஊர் எத்தனை?

"அசல் சீருடையைக் காட்டினால் கேஸ் வரும், அதனால்தான் மாற்றினோம்" என்று ஒரு சாக்கும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 140ஆவது பிரிவு பேசியது, தன்னை நிஜப் படைவீரன் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு உடுத்துகிறவனைப் பற்றி. மேக்கப் போட்டு கேமரா முன்னால் நிற்கும் நடிகருக்கு அந்த எண்ணம் ஏது?

எனக்கு உண்மையிலேயே வருத்தம், கைவிட்டுப்போன நகைச்சுவையை நினைத்துத்தான். பயிற்சி முடித்து நேற்று வந்த லெப்டினன்ட் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்ட சுபேதார் விறைத்து நின்று அவனுக்கு சல்யூட் அடிப்பார். அந்தப் பையனோ அவரை "சாப்" (ஐயா) என்று மரியாதையாகத்தான் கூப்பிடவேண்டும், வேலையும் அவரிடம்தான் கற்றுக்கொள்ளவேண்டும். ஒரு முழுப் படத்துக்கான சிரிப்பு இதில் இருக்கிறது. இவர்களோ சுபேதாரைக் கன்னத்தில் அறை வாங்கும் கோமாளி ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் அலுவலக வாசலில் காவலுக்கு இருப்பவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். நீங்கள் சொன்ன காட்சியை என் போனில் அவருக்குக் காட்டினேன். இரண்டு பட்டை நாயக், மூன்று பட்டை ஹவில்தார். படத்தை நிறுத்தச் சொன்னார். விரலைத் தன் சட்டைக் கையில் அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, "இந்த மூணாவது பட்டைக்கு எனக்குப் பதிமூணு வருஷம் ஆச்சு சார்" என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உங்கள் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், சல்யூட் விஷயத்தில் சறுக்கியது நீங்கள்தான். நம் தரைப்படையில் உள்ளங்கை முன்னால் தெரியத்தான் சல்யூட். உள்ளங்கையைக் கீழே பார்க்கச் சாய்ப்பது கடற்படை வழக்கம். அமெரிக்கப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம்முடையது தப்பாகத் தெரிகிறது. அந்த ஒரு விஷயத்தைப் படம் சரியாகவே செய்திருக்கிறது.