வகுப்பு வீடியோவை ஃபேஸ்புக்கில் போடலாமா?

பி.எட். கற்பித்தல் பயிற்சியில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும் வீடியோவை ஃபேஸ்புக் ஆசிரியர் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வீடியோ வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள்தான். சட்டம் இருக்கட்டும், தடுமாறிப் பதில் சொல்லும் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றக் கூடாது.

பெயரை மறைத்துவிட்டு, தவறான விடையை மட்டும் படமெடுத்துப் போடுங்கள். "1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார்கள். முதலில் என்ன கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். 'வகுப்பு எப்படி?' என்றால் வாழ்த்துதான் வரும்; இப்படிக் கேட்டால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் விரிவாக எழுதுவார்கள். நானாக இருந்தால், "2/5 அரையை விடக் குறைவாச்சே, கூட்டினால் குறையுமா?" என்று பிள்ளைகளிடமே கேட்பேன். அப்புறம், வகுப்பில் எது பலித்தது என்று அந்தப் பதிவிலேயே மறக்காமல் எழுதுங்கள்.