1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருந்த தாத்தாவின் நினைவுகளை எப்படிப் பதிவு செய்வது?

"பல்லாவரத்தில் இருக்கும் என் தாத்தா 1971 போரில் இருந்தவர். கைபேசியில் பதிவு செய்தால் போதுமா? என்ன கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைபேசி போதும். ஒலியைக் கெடுப்பது மின்விசிறியும் குக்கர் விசிலும் உங்கள் பகுதியில் தலைக்கு மேல் போகும் விமானமும்தான். சென்னை வெயிலில் மதியம் விசிறியை நிறுத்தினால் தாத்தா எழுந்து போய்விடுவார்; விடிகாலையில் உட்காருங்கள். கைபேசியில் இணைக்கும் காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே சட்டையில் செருகுங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். எம்பி3 சுருக்கத்தில் இழந்த ஒலி திரும்பாது.

போரிலிருந்து தொடங்காதீர்கள். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம் (பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் நாக்கில் வரும்). ஆள் சேர்ப்புக்கு எந்த ஊரில் வரிசையில் நின்றார், இந்தி எப்படிப் பிடிபட்டது, சப்பாத்தி எப்போது பழகியது, வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எதை மறைத்தார் என்று கேளுங்கள். பழைய படங்களையும் பதக்கங்களையும் கையில் கொடுங்கள். பேச்சு நின்றால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள்.

அந்தப் போர் டிசம்பர் 3 முதல் 16 வரைதான் நடந்தது. அவர் "இரண்டு மாதம்" என்றால் திருத்தாதீர்கள். எல்லைக்குப் போன நாளே அவருக்குப் போர் தொடங்கியிருக்கலாம். சரியான தேதி உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

ஒரு மணி நேரத்தில் நிறுத்துங்கள். இந்தப் பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.