அமெரிக்காவின் தென் மாநிலங்கள் ஏன் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டன?

முதல் காரணம் இனம்தான். வரி, மதம் எல்லாம் அப்புறம் சேர்ந்துகொண்டவை.

அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதாலேயே தென்பகுதி வெள்ளையர்கள் குடியரசுக் கட்சியைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெரும்பாலான கறுப்பின மக்களை ஓட்டுப் போடவே விடவில்லை.

தென் மாநிலமான மிசிசிப்பியைப் பாருங்கள். 1936 ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு அங்கே 97 சதவீத ஓட்டு. 1964-இல் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம்! அந்த ஜூலையில்தான் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். கோல்ட்வாட்டரோ செனட்டில் அதை எதிர்த்து வாக்களித்தவர். 1957-இல் இன்னொரு சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி நேரத்துக்கும் மேல் பேசிய தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், 1964 செப்டம்பரிலேயே குடியரசுக் கட்சிக்குத் தாவினார்.

சரி, எல்லாம் ஒரே ராத்திரியில் மாறிவிட்டதா? இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் மனம் மாறியவர்கள் உள்ளூரில் பழைய கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். அலபாமா சட்டமன்றம் 2010 வரை ஜனநாயகக் கட்சியிடமே இருந்தது. 1965 வாக்குரிமைச் சட்டத்தால் வாக்குச்சாவடிக்கு வர முடிந்த கறுப்பின மக்கள்தான் இன்று தெற்கில் அந்தக் கட்சியின் முதுகெலும்பு.